கரி எங்கே?

பொம்மை ரயில் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் தகர ரயில்தான். அது விளையாட்டுச் சாமான். இங்கே சொல்ல வருவது வேறு. உண்மையான நீராவி எஞ்சின் ஒன்றின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, ஆணி ஆணியாக, குழாய் குழாயாகச் செய்து, கடைசியில் அதன் மேல் புகையும் தூசியும் எண்ணெயும் பட்டது போல அழுக்காக்கி வைக்கும் வேலை. ஆமாம், பாடுபட்டுச் செய்த பிறகு அழுக்காக்குவதுதான்! இதற்குத் தமிழில் ஒரு பெயர் இன்னும் நிலைக்கவில்லை. செய்பவர்கள் 'வெதரிங்' என்றே சொல்கிறார்கள். வெயிலும் மழையும் உழைப்பும் ஒரு பொருளின் மேல் விட்டுப்போகும் தடம் என்று புரிந்துகொள்ளலாம்.

இதைச் செய்தவன் சித்தேரி மலைக்காரன், அரூரில் அறை எடுத்துப் படிக்கும் மாணவன். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அரூரிலிருந்து மலையேறும் சாலையில் போக வேண்டும். மலையில் சிறு சிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கும் பஞ்சாயத்து. சாமை, புளி, தேன், கடுக்காய் என்று மலையில் விளைவதும் கிடைப்பதும் அரூர் சந்தைக்கு இறங்கும். ரயில் அங்கே போனதில்லை, போகவும் முடியாது. சித்தேரிக்காரர்களுக்கு ரயில் என்றால் மொரப்பூர்தான். சென்னை - சேலம் பாதையில் இருக்கும் அந்த ஸ்டேஷனுக்கு அரூர் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த மொரப்பூரில்தான் கதையே இருக்கிறது.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் புது ரயில் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 'புது' என்ற சொல்லைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் சிரித்திருப்பார்கள். ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை போடப்பட்டு, 1913-ல் ஓசூர் வரை நீண்ட குறுகிய ரயில் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி இடைவெளிதான், அதாவது 762 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதை 1676 மி.மீ. என்பதை நினைத்தால் அது எவ்வளவு சின்ன வண்டியாக இருந்திருக்கும் என்று புரியும். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு (1876-78), பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று அரசு போட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. பக்கத்தில் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும் இதே ரகம். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறுகல். 1941-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மொரப்பூர் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சத்துக்காக வந்தது, போருக்காகப் போனது.

அந்த வண்டியை இழுத்த எஞ்சினைத்தான் அவன் செய்ய ஆசைப்பட்டான். ஆனால் அவன் கையில் அதன் வரைபடம் இல்லை, படம் இல்லை. எண்பது வருடங்களுக்கு முன் போன வண்டி. என்ன செய்வது? இந்த இடத்தில் மாதிரி செய்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். தெரியாத எஞ்சினைத் தொடவே கூடாது, அளவெடுக்கக் கிடைக்கும் ஒன்றைச் செய் என்பது ஒரு கட்சி. அந்தக் காலத்து, அந்த அகலத்து எஞ்சின் ஒன்று எப்படி இருந்திருக்கும் என்று நியாயமாக யோசித்துச் செய், ஆனால் 'இதுதான் அது' என்று சொல்லாதே என்பது இன்னொரு கட்சி. அவன் இரண்டாவது கட்சியில் சேர்ந்தான். கல்கா - சிம்லா பாதையும் 762 மி.மீ. அகலம்தான், 1903-ல் திறக்கப்பட்டது. அங்கே கே.சி. 520 என்ற எஞ்சின், 1905-ல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியில் செய்யப்பட்டது, இன்னும் பிழைத்திருக்கிறது. மொரப்பூர் பாதை திறப்பதற்கு முந்தைய வருடம் பிறந்த எஞ்சின்! மலைப்பாதை எஞ்சினும் சமவெளி எஞ்சினும் ஒன்றல்ல, அது அவனுக்கும் தெரியும். கொதிகலன் எவ்வளவு பருமன், டிரைவர் நிற்கும் கூண்டு எவ்வளவு உயரம் என்று உத்தேசம் பிடிக்க மட்டும் அதன் படங்களை வைத்துக்கொண்டான்.

அடுத்தது விகிதம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அதிகம் பேர் செய்யும் அளவு 'எச்.ஓ.', அதாவது 87-ல் ஒரு பங்கு. இதில் 762 மி.மீ. பாதை 8.76 மி.மீ. ஆகிறது. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். அதனால் வெளிநாட்டில் குறுகிய பாதைப் பிரியர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அளவில் எஞ்சின் ஒரு தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக வரும், அவ்வளவுதான். அதில் ரிவெட் வைக்க நல்ல கருவி வேண்டும், பித்தளைத் தகடு வேண்டும், பணம் வேண்டும். அவனிடம் இருந்தது ஆக்சா பிளேடு ஒன்று, அரம் ஒன்று, ஃபெவிகால் டப்பா ஒன்று. அதனால் 24-ல் ஒரு பங்கு என்று முடிவு செய்தான். இதில் ஒரு வசதி உண்டு. ஓர் அடி அரை அங்குலமாகும், ஓர் அங்குலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பாதை 31.75 மி.மீ., ஐந்தரை அடி டிரைவர் 7 செ.மீ., எஞ்சின் மொத்தமும் ஓர் அடி நீளத்துக்குள் அடங்கிவிடும்.

செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொதிகலனுக்கு 40 மி.மீ. பி.வி.சி. குழாய். வீட்டுக்குத் தண்ணீர் பைப் போட்ட மிச்சம். கணக்குப் பார்த்தால் நிஜத்தில் 96 செ.மீ. பருமன், பொருத்தம்தான். தண்ணீர்த் தொட்டிகளும் கூண்டும் மில் போர்டு அட்டை. அட்டை ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும் என்பதால் வெட்டிய விளிம்பில் ஃபெவிக்விக் தடவி, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் தகடு மாதிரி ஆகிவிடும். சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி, உள்பக்கம் கொஞ்சம் பெரிய வட்டமாக ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் தண்டவாளத்தைப் பிடிக்கும் விளிம்பு தயார். குழாய்களுக்கு மோட்டார் காயில் கம்பி. இது அரூரில் மோட்டார் வைண்டிங் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் குமிழ்களுக்குக் குண்டூசித் தலை. பெரிய வண்டிகளுக்கு இருப்பது போல இரண்டு பஃபர் தேவையில்லை. குறுகிய பாதை வண்டிகளில் நடுவில் ஒன்றுதான், அதற்கு ஒரு பிரஸ் பட்டன்.

ரிவெட்தான் ஆளைக் கொன்றது. நிஜ எஞ்சினில் தகடும் தகடும் சேரும் இடமெல்லாம் வரிசையாகக் குமிழ் தெரியும். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஊசி முனையில் ஃபெவிகால் எடுத்துச் சொட்டு வைப்பது ஒரு வழி. சொட்டு காய்ந்தால் சுருங்கிவிடும், திரும்ப வைக்க வேண்டும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அலுமினியத் தாளைப் பின்னாலிருந்து அழுத்துவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நன்றாக வந்தது. ஒரு தொட்டிப் பக்கத்துக்கு மட்டும் இருநூறுக்கு மேல். ஒரு வரிசையில் ஒன்று கோணலானால் கண் நேராக அங்கேதான் போகும் என்பதால் மூன்று தடவை கிழித்துப் போட்டான்.

எல்லாம் முடிந்து கறுப்பு எனாமல் அடித்து, கொதிகலன் வளையங்களுக்குப் பித்தளை நிறம் கொடுத்து, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போனான். செருப்பு டப்பாவில் துணி சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மலை வளைவுகளில் டப்பாவை அணைத்தபடி.

அவன் தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். 1970-களின் தொடக்கத்தில், மலையில் மழை பொய்த்த ஒரு சமயம், ஜோலார்பேட்டைக்குப் போய் மூன்று வருடம் எஞ்சினுக்குக் கரி ஏற்றும் கூலி வேலை பார்த்தவர். அதைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. எஞ்சினைத் திண்ணையில் வைத்ததும் குனிந்து பார்த்தார்.

"என்னடா கண்ணு இது, கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்குது?"

"கரி எஞ்சினுங்க தாத்தா."

"கரி எஞ்சினா? கரி எங்க?"

இந்தக் கேள்வியில்தான் வேலையின் இரண்டாம் பாதி ஆரம்பித்தது. முதல் பாதியை விட அதுதான் கஷ்டம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

பளபளப்பான கறுப்பு ஏன் பொய்யாகத் தெரிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பெரிய பொருளை நாம் தூரத்தில் நின்று பார்க்கிறோம். நடுவில் காற்றும் வெளிச்சமும் இருப்பதால் கறுப்பு எப்போதும் சாம்பல் கலந்துதான் கண்ணுக்கு வருகிறது. சின்ன மாதிரியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அந்தத் தூரம் இல்லை. அதனால் டப்பாவில் இருக்கும் கறுப்பை அப்படியே அடித்தால் ஒரு மொத்தைக் கறுப்பாகி, கஷ்டப்பட்டு வைத்த ரிவெட் எல்லாம் மறைந்துவிடும். கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி பழுப்பு கலக்க வேண்டும். பளபளப்பும் அப்படித்தான். நிஜ எஞ்சின் பளபளப்பது எண்ணெய் பட்ட இடத்தில், கை பட்ட இடத்தில், துடைத்த இடத்தில். எல்லா இடமும் ஒரே மாதிரி பளபளத்தால் அது பொம்மை.

இந்த ஞானம் மாதிரி ரயில்காரர்களுக்கே தாமதமாகத்தான் வந்தது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-ல் லைப்சிக் சந்தையில் அளவு வைத்த ரயில் பொம்மைகளைக் காட்டிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு, பளபளப்புதான் அழகு என்று இருந்தார்கள். அழுக்கை ஒரு கலையாகச் செய்து காட்டி மற்றவர்களை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் வீட்டு நிலவறையில் பெரிய மலை ரயில் உலகம் ஒன்றைக் கட்டினார். வண்டிகளெல்லாம் துருவும் தூசியுமாக நிஜம் போல இருக்கும். அதே மனிதர் வண்டி தள்ளும் எஞ்சினுக்குப் பதிலாக ஒரு டைனோசர் பொம்மையையும் அங்கே வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்! 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து அது அழிந்துவிட்டது. படங்கள்தான் மிச்சம். நம் நாட்டில் மாதிரி ரயில் பார்க்க விரும்புகிறவர்கள் புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி குறு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

அவனும் இப்படிப் பட்ட படங்களைப் பார்த்துவிட்டு ஆவேசமாக இறங்கினான். இரும்புப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வினிகரில் இரண்டு நாள் ஊறப்போட்டால் ஒரு திரவம் கிடைக்கும். அதைத் தடவினால் காய்ந்ததும் அசல் துரு நிறம் வரும். உப்பு வித்தை ஒன்றும் உண்டு. முதலில் துரு நிறம் அடித்து, ஈரமாக்கி, கல் உப்பைப் பொடித்துத் தூவி, காய்ந்த பிறகு மேலே கறுப்பு அடிக்க வேண்டும். பிறகு உப்பைத் தட்டி எடுத்தால் பெயிண்ட் உரிந்து உள்ளே துரு தெரிவது போல அச்சு அசலாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே எஞ்சினில் பிரயோகித்தான். கொதிகலன், தொட்டி, கூண்டு, சக்கரம், எல்லா இடத்திலும் துரு. அறை நண்பர்கள் அசந்துபோனார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள்.

தாத்தா அசரவில்லை.

"இது ஓடற வண்டியா, செத்த வண்டியா?" என்றார்.

"ஓடறதுதான் தாத்தா."

"ஓடற வண்டில துரு நிக்காதுடா சாமி. தெனமும் எண்ணெ போட்டுத் தொடச்சிகிட்டே இருப்பாங்க. டிரைவருக்கு அது பொண்டாட்டி மாதிரி. துரு வந்துச்சின்னா அது ஷெட்டுக்குப் பின்னால நிக்கிற வண்டி. ஓடற வண்டில இருக்கறது அழுக்கு. அழுக்கு வேற, துரு வேற."

ஒரு வருட அனுபவத்தில் பலரும் கற்றுக்கொள்ளாததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். உண்மையிலேயே மாதிரி செய்பவர்களில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். பழசு வேறு, உழைக்கிறது வேறு. 1941-க்குப் பிறகு எங்கோ ஒரு மூலையில் கிடந்த எஞ்சினா, அல்லது 1930-ல் ஒரு நாள் காலை தருமபுரிக்குக் கிளம்பி நிற்கும் எஞ்சினா என்பதை அவன் முடிவு செய்யவே இல்லை. துரு அழகாக வந்தது என்பதற்காகத் துருவைப் போட்டுவிட்டான். அவன் காட்ட நினைத்தது ஓடிய ரயிலை. செய்து வைத்திருந்ததோ அதன் பிணத்தை.

மொத்தப் பெயிண்டையும் உப்புத்தாள் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்து ரிவெட் எல்லாம் போயிற்று. ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை.

பிறகு குன்னூருக்கு ஒரு பயணம். ஓடும் நீராவி எஞ்சினைக் கிட்டே பார்க்க வேண்டும் என்றால் நமக்கு நீலகிரிதான். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. அங்கே ஓடும் 'எக்ஸ்' வகை எஞ்சின்களின் மூலம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு சிலிண்டர் நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பல் சக்கரத்துக்கு என மொத்தம் நான்கு. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றத்தில் ரயிலைக் கீழ்ப்பக்கமிருந்து தள்ளிக்கொண்டு போகும். (2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். நீராவிக் காலம் முடிந்த பிறகு நீராவி எஞ்சின் செய்த பணிமனை!) கல்லாறிலும் ஹில்குரோவிலும் தண்ணீர் குடிக்க நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் எஞ்சின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவன் எஞ்சினின் அழுக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருவர் "தம்பி, கொஞ்சம் தள்ளுங்க, எஞ்சின் மறைக்குது" என்றாராம்.

அங்கே பார்த்தது இதுதான். அழுக்கு எங்கும் பரவிக் கிடக்கவில்லை, ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு முகவரி இருந்தது. தண்ணீர் ஊற்றும் வாயிலிருந்து தொட்டிப் பக்கமாக வழிந்த கோடு. நீராவி கசியும் வால்வுக்குக் கீழே வெள்ளையாகப் படிந்த உப்பு. கீழே எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாக நிற்கும் தண்டுகள். ஏறும் படியின் நடுவில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மின்னியது, ஓரத்தில் அப்படியே இருந்தது. காரணம், கால் நடுவில்தான் வைப்பார்கள். கைப்பிடிக் கம்பியும் கை எட்டும் உயரம் வரைதான் பளபளப்பு.

ஊர் திரும்பியதும் தாத்தாவிடம் படங்களைக் காட்டினான். இந்த முறை அவர் நிறையவே பேசினார். புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் முன்பக்க அறை சூட்டில் வெந்து வெந்து கறுப்பே தங்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் என்றார். அதன் கதவைத் திறந்து உள்ளே சேர்ந்த பொடியை அள்ளும்போது கதவின் அடியில் விழுந்து விழுந்து அந்த இடம் மட்டும் கெட்டுப்போகும். எஞ்சினில் துரு வேண்டுமென்றால் அங்கே கொஞ்சம் வைத்துக்கொள், மற்ற இடத்தில் வேண்டாம். கூண்டுக்குள் தரையெல்லாம் கரிப்பொடி, ஆனால் அளக்கும் கண்ணாடிக் குழாயும் கைப்பிடிகளும் சுத்தமாக இருக்கும். பஞ்சு வேஸ்ட்டால் துடைத்த தடம் வட்ட வட்டமாகத் தெரியும்.

தண்ணீர்க் கறை பற்றி அவர் சொன்னதைத் தருமபுரி மாவட்டத்துக்காரர் யாரும் மறுக்க மாட்டார்கள். இங்கே கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினம். கொதிக்க வைத்த பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். (ஃபுளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் இது.) அடுப்பில் ஒரு பாத்திரத்துக்கே அப்படி என்றால், நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊதித் தள்ளும் எஞ்சினுக்கு? உப்பு உள்ளே படிந்தால் கொதிகலன் கெடும். கசியும் இடத்தில் வெளியே வெள்ளைக் கோடாக நிற்கும். ஆகவே நீலகிரி எஞ்சினில் பார்த்ததை விட இதில் வெள்ளைக் கோடு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம் என்று அவன் முடிவு செய்தான். அதே வகைப் படம் பார்த்து இங்கிலாந்தில் ஒருவர் இதைச் செய்திருந்தால் அவருக்கு இது தோன்றியிருக்காது.

இரண்டாம் முறை வேலை மெதுவாகப் போனது. பெயிண்ட்டைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து ரிவெட் இடுக்குகளில் ஓடவிட வேண்டும். மேலே நிற்பதைத் துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுக்க வேண்டும். மழையும் மேலிருந்து கீழாகத்தானே வரும். பக்கவாட்டில் துடைத்தால் கெட்டது. விளிம்புகளுக்கு நேர் எதிர் வழி. பிரஷ்ஷில் பெயிண்ட் எடுத்துக் காகிதத்தில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் உரசினால் மேடான இடத்தில் மட்டும் பிடிக்கும். வெள்ளைக் கோட்டுக்கு சாக்பீஸ் பொடி. புகைக்கு அடுப்புக்கரியை அரைத்து மெல்லிய துணியில் சலித்த பொடி. பொடி உதிராமல் இருக்க மேலே மங்கல் வார்னிஷ் அடிக்க வேண்டும். அடித்தால் பாதிப் பொடி மாயமாகிவிடும் என்பதை முதல் தடவை பட்டுத்தான் எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு போட்டுவிட்டுத்தான் வார்னிஷைத் தொட வேண்டும்.

மண் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் தூசி நிறம் வேண்டும். வீட்டு வாசலில்தான் மண் கிடக்கிறதே என்று அள்ளப் போனான். தாத்தா தடுத்தார். "அந்த வண்டி நம்ம மலைக்கு எப்படா வந்துச்சி?" நியாயம்தானே! மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே சாலையோரத்திலிருந்து ஒரு பிஸ்கட் கவர் நிறையச் செம்மண் வந்து சேர்ந்தது. அதை அம்மியில் அரைத்து, புடவைத் துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டியிருந்தது. தூசியையும் சுருக்கியாக வேண்டும் அல்லவா? அரை மில்லிமீட்டர் மணல் துகள் இந்த விகிதத்தில் 12 மி.மீ. ஜல்லி. அப்படியே தூவினால் எஞ்சின் மேல் ஜல்லி கொட்டிய மாதிரி இருக்கும். சக்கரத்தின் பக்கம் அடர்த்தியாக, மேலே போகப் போக மெலிந்து, தொட்டியின் பாதி உயரத்தில் இல்லாமல் போகும்படி பூசினான். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். படியின் நடுவில் பென்சில் கரியைத் தேய்த்து இரும்பு மின்னுவது போலச் செய்தபோது மட்டும் "ம்" என்றார்.

அவர் அந்தச் சின்ன வண்டியைப் பார்த்தவர் இல்லை. அவர் பிறப்பதற்குள் அது போய்விட்டது. அவருடைய அப்பா புளி மூட்டையோடு மலையிறங்கி மொரப்பூர் போய், அங்கிருந்து ஒருமுறை அந்த வண்டியில் தருமபுரி போனாராம். வண்டி எப்படி இருந்தது என்று அவர் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்கு நடந்தே போயிருக்கலாம் என்று மட்டும் திட்டுவாராம். மொரப்பூர் ரயிலைப் பற்றி அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அந்த ஒரு வசவுதான்.

கடைசியில் நம்பர் பலகை. கூண்டின் பக்கவாட்டில் பித்தளைப் பலகைக்கு இடம் விட்டு, அலுமினியத் தாளில் வெட்டி ஒட்டியும் ஆயிற்று. ஓர் எண் எழுதினால் வேலை முடிந்தது. ஒரு மாதிரிக்கு உயிர் வருவதே எண் எழுதும்போதுதான் என்பார்கள். எண் இருந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்க மாட்டார், 'ஓ, இதுதான் அந்த எஞ்சினா' என்று நம்பிவிடுவார். அறை நண்பன் '1906' என்றே எழுதிவிடு, அழகாக இருக்கும் என்றான். பேனாவை எடுத்து இரண்டு நாள் வைத்திருந்தான்.

"நம்பர் போடலியா?" என்றார் தாத்தா.

"என்ன நம்பர்னு தெரியலிங்க தாத்தா."

"தெரியலன்னா உட்டுடு. நாளைக்கி தெரிஞ்சவன் எவனாச்சும் வருவான். அவன் எழுதிக்கட்டும்."

பலகை வெறுமையாகவே நிற்கிறது. அதற்கும் கொஞ்சம் தூசி படிய வைத்து, நடுவில் துணியால் துடைத்தது போல ஒரு தடம் மட்டும் கொடுத்திருக்கிறான்.

இன்னும் ஒரு குறை பாக்கி இருந்தது. கூண்டுக்குப் பின்னால் இருக்கும் கரித்தொட்டியில் அவன் போட்டிருந்தது அடுப்புக்கரித் துண்டுகள். அதைத் தாத்தா விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, இது மரக்கரி, மங்கலாக இருக்கிறது, நிலக்கரி உடைந்த பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும் என்றார். மூன்று வருடம் தலையில் சுமந்தவருக்குத் தெரியாதா? நிலக்கரிக்கு இப்போது எங்கே போவது? அடுத்த சந்தை நாளில் அவரே அரூருக்கு இறங்கினார். ஒரு கொல்லுப்பட்டறையில் கேட்டு வாங்கி, வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்தார். திண்ணையில் உட்கார்ந்து சுத்தியலால் மெல்லத் தட்டி உடைத்தார். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேரன் சொன்னதற்கு, "எனக்கே கரி அளக்கச் சொல்லித் தரியா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டாகத் தொட்டியில் அடுக்க ஆரம்பித்தார். பெரிய துண்டெல்லாம் ஓரத்தில் சுவர் மாதிரி, பொடியெல்லாம் நடுவில். அப்படி அடுக்கினால்தான் வண்டி குலுங்கும்போது கரி வெளியே சிந்தாதாம்.